கரி வடிகட்டுவதில்லை

எங்கள் வீட்டில் தண்ணீருக்குத் தரச்சான்று கொடுப்பவர் அம்மா. குவளையை வாயருகே கொண்டுபோகும் முன் அரை நொடி மூக்கருகே நிறுத்துவார். முகம் மாறவில்லை என்றால் தண்ணீர் பாஸ். இப்படி ஒரு சோதனை நடப்பதே எங்களுக்குத் தெரியாது. என்றாவது ஒருநாள் அவர் முகம் சுளிக்கும்போதுதான், இத்தனை நாளும் அது நடந்துகொண்டிருந்தது என்று உறைக்கும்.

அப்படி ஒருநாள் சுளித்தார்.

"தண்ணியில சேத்து வாடை அடிக்குதுப்பா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"உனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

நானும் சும்மா விடவில்லை. டி.டி.எஸ் மீட்டரை எடுத்துவந்து குவளைக்குள் விட்டேன். போன மாதம் காட்டிய அதே எண். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. வடிகட்டிக்குள் இருக்கும் கரி கார்ட்ரிட்ஜை மாற்றி நாலு மாதம்தான் ஆகியிருந்தது; ஆறு மாதம் வரும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்து ஒன்று கைவசம் இருந்தது. அதையும் விட்டுப் பார்த்தேன். நிறம் மாறவில்லை, அதாவது கரி குளோரினைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆதாரம் அத்தனையும் என் பக்கம்.

"மீட்டர் சரியாத்தான் காட்டுதும்மா."

"அப்ப மீட்டரையே குடிக்கச் சொல்லு."

அன்று இரவு யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை செய்தேன். மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு அந்தத் தண்ணீரை ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, நன்றாகக் குலுக்கி, மூடியைத் திறந்த வேகத்தில் மோந்தேன். கிணற்றுக்குள் தலையை நீட்டிய மாதிரி இருந்தது. அம்மா சொன்னது சரி. மீட்டர், சொட்டு மருந்து, பெட்டியில் போட்டிருந்த ஆறு மாதம், என் மூக்கு, எல்லாம் சேர்ந்து தப்பு.

எங்கே தப்பு செய்தேன் என்று தேடிப் போனதில் கடைசியாகக் கையில் சிக்கியது ஒரு சின்ன விஷயம். நான் கரியை ஒரு சல்லடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கரி வடிகட்டுவதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. சல்லடையில் அழுக்கு சேர்ந்தால் தண்ணீர் வருவது குறையும், கண்ணுக்கே தெரியும். பிடித்து வைப்பவனுக்கோ கை நிறைந்தாலும் தண்ணீர் அதே வேகத்தில்தான் வந்துகொண்டிருக்கும். வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது.

*

அந்தச் சேற்று வாடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நமக்கெல்லாம் பிடித்த வாடை. காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது மூச்சை இழுத்து இழுத்து வாங்குகிறோமே, அந்த மண்வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற ஒரே வேதிப்பொருளுக்கு உரியது. 1965-ல் கெர்பர், லெசெவலியே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் 'மண்ணின் மணம்' என்று பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. ஏரி, நீர்த்தேக்கங்களில் வெயில் காலத்தில் பெருகும் நீலப்பச்சைப்பாசிகளும் உண்டாக்குகின்றன. கூடவே 2-மெத்தில் ஐசோபோர்னியோல் என்று ஒன்று உண்டு. தண்ணீர்க்காரர்கள் சுருக்கமாக எம்.ஐ.பி என்பார்கள். அது மண்ணைவிடப் பூஞ்சை பிடித்த பழைய பெட்டியைத் திறந்த வாடை.

மழையில் மயக்குகிற அதே பொருள் குவளையில் வந்தால் குமட்டுகிறது. தமிழில் 'நாற்றம்' என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைத்தான் குறித்தது, இன்று அதைச் சொன்னாலே மூக்கைப் பிடிக்கிறோம். ஜியோஸ்மினுக்கு அந்த இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் பொருந்தும்.

இந்த விஷயத்தில் மனித மூக்கு அநியாயத்துக்குக் கூர்மையானது. ஒரு லிட்டரில் 10 நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும், சிலருக்கு அதிலும் பாதி போதும். நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்றால், அந்தக் குளம் முழுவதையும் சேற்று வாடை அடிக்கச் செய்ய 25 மில்லிகிராம் போதும், ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. டி.டி.எஸ் மீட்டர் இதைக் கண்டுபிடிக்கும் என்று நான் எதிர்பார்த்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த மீட்டர் அளப்பது மின்சாரத்தைக் கடத்தும் உப்புகளை. ஜியோஸ்மின் மின்சாரத்தைக் கடத்துவதுமில்லை, மீட்டரின் கண்ணில் படும் அளவில் இருப்பதுமில்லை.

அந்த அளவில் அது உடம்புக்குக் கெடுதல் செய்வதில்லை. கெடுதல் இல்லை என்று தெரிந்தும் குடிக்க முடிவதில்லை, அதுதான் தொல்லை. குளோரினுக்கும் அது மசியாது. குளோரின் தாக்கி உடைக்கக்கூடிய இரட்டைப் பிணைப்பு எதுவும் அந்த மூலக்கூறில் கிடையாது. போதாக்குறைக்கு, பாசி உயிரோடு இருக்கும்போது ஜியோஸ்மினின் பெரும்பகுதியைத் தன் செல்லுக்குள்ளேயே வைத்திருக்கும். அந்தத் தண்ணீரில் குளோரினைக் கொட்டினால் செல் வெடித்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வரும். கொதிக்க வைத்தால் கொஞ்சம் ஆவியாகப் போகும், ஆனால் தண்ணீர் சூடாக இருக்கும்வரை வாடை முன்பைவிடத் தூக்கலாக இருக்கும். நடைமுறையில் மிஞ்சுவது கரிதான்.

*

அடுப்புக்கரியைத் தண்ணீரில் போட்டால் இந்த வேலை நடக்காது. நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கறுத்ததுதான் மிச்சம். அடுப்புக்கரியிலும் துளைகள் உண்டு, ஆனால் எரியும்போது உண்டான தார் அவற்றை அடைத்துக்கொண்டிருக்கும். தேங்காய்ச் சிரட்டை, நிலக்கரி, மரம் இவற்றில் ஒன்றைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவியை அதற்குள் செலுத்துவார்கள். நீராவி கரியின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டு வாயுவாக வெளியேறும். தின்ற இடமெல்லாம் துளை, துளைக்குள் துளை. இதுதான் ஆக்டிவேட்டட் கார்பன், பாடப்புத்தகத் தமிழில் கிளர்வுற்ற கரி. இந்த நீராவி முறைக்கான காப்புரிமைகள் 1900-ஐ ஒட்டி ராஃபேல் ஃபான் ஓஸ்ட்ரெய்கோவின் பெயரில் வந்தவை.

ஒரு கிராம் நல்ல கரியில் உள்ள துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் வரும். நாலு கிராமில் ஒரு ஏக்கர். உள்ளங்கையில் ஒரு சிட்டிகைக் கரியை வைத்துக்கொண்டு இதை யோசித்தால் தலை சுற்றும். சிரட்டைக் கரியில் இரண்டு நானோமீட்டருக்கும் குறைந்த நுண்துளைகள் அதிகம். ஜியோஸ்மின் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இடம். மரக்கரியில் பெரிய துளைகள் அதிகம் என்பதால் நிறம் நீக்கும் வேலைக்கு அதைத் தேடுவார்கள்.

நிறம் நீக்கும் வேலைதான் இந்தக் கதையின் தொடக்கமும். 1785-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லோவிட்ஸ் என்ற மருந்தாளுநர் டார்டாரிக் அமிலக் கரைசல் பழுப்பேறிப் போவதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கரித்தூள் அந்தப் பழுப்பை எடுத்துவிடுவதைக் கண்டார். பிறகு சர்க்கரை ஆலைகள் எலும்புக்கரியைப் பிடித்துக்கொண்டன. முதல் உலகப்போரில் நச்சுவாயு முகமூடிக்குள் கரி போனது. குடிநீர் நிலையங்களுக்குக் கிளர்வுற்ற கரி வந்தது அதற்கும் பிறகு. கரிக்குருணை நிரப்பிய படுகைகள் 1929-ல் ஜெர்மனியின் ஹாம் நகரிலும், 1930-ல் அமெரிக்காவின் பே சிட்டியிலும் அமைந்தன. அந்தக் காலத்துத் தலைவலி வேறு. ஆலைக் கழிவிலிருந்து ஆற்றில் கலந்த ஃபீனால், குடிநீர் நிலையத்துக் குளோரினோடு சேர்ந்து குளோரோஃபீனாலாக மாறும். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கில் மருந்துக்கடை வாடை. கிருமியைக் கொல்லப் போட்ட மருந்தே தண்ணீரைக் குடிக்க முடியாததாக்கிவிட்டது.

*

பிடித்து வைப்பது என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு குவளைத் தண்ணீரில் நீல மையை இரண்டு சொட்டு விட்டு, ஒரு கரண்டிக் கரித்தூளைப் போட்டுக் கலக்கினேன். அஞ்சு நிமிடம் பொறுத்து வடிதாளில் ஊற்றினால் வெளிர்நீலமாக வந்தது. கரி சரியில்லையோ என்று சந்தேகப்பட்டு அதே கரி, அதே அளவு மையோடு திரும்பச் செய்தேன். இந்த முறை ஃபோன் வந்ததில் மறந்தே போய், ஒரு மணி நேரம் கழித்துத்தான் வடித்தேன். நீலம் மருந்துக்குக்கூட இல்லை.

புத்தகங்களில் இதைப் பரப்புக் கவர்தல் என்கிறார்கள். ஸ்பாஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல் இல்லை. மூலக்கூறு கரியின் சுவர்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாத மூலக்கூறுக்கு அந்தச் சுவர்தான் வசதி. ஆனால் சுவரை அடைய அது நடந்து போகவேண்டும். கரிக்குருணையின் வெளிவாசலில் நுழைந்து, பெரிய சந்து, சின்ன சந்து, முட்டுச்சந்து என்று உள்ளே போகவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். மை விஷயத்தில் நான் பார்த்தது அந்த நேரத்தைத்தான்.

பெரிய குடிநீர் நிலையங்களின் கரிப்படுகையில் தண்ணீர் சாதாரணமாகப் பத்து இருபது நிமிடம் தங்கிப் போகிறது. என் கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு அரை லிட்டர். குழாயை முழுதாகத் திறந்து ஒரு பாத்திரத்தில் பிடித்துக் கடிகாரம் பார்த்தேன், நிமிடத்துக்கு நாலு லிட்டர். அதாவது தண்ணீர் கரியோடு இருந்தது ஏழெட்டு விநாடி. ரயில் நிற்காத நிலையத்தில் ஆளை ஏற்று என்று சொல்வது போன்ற காரியம். குழாயைக் கால்வாசி திறந்தால் அரை நிமிடம் கிடைக்கிறது. வீட்டு வடிகட்டிக்குச் செலவில்லாமல் செய்யக்கூடிய பெரிய சீர்திருத்தம் இதுதான். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், எங்கள் வீட்டில் அது அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்தது கூட்டம். கரிக்குள் ஜியோஸ்மின் மட்டும் போவதில்லை. இலை, மண், பாசி மக்கிய கரிமப் பொருள்கள் எல்லா ஏரித் தண்ணீரிலும் உண்டு, தண்ணீருக்கு லேசான தேநீர் நிறம் தருவது இவைதான். லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்பது சர்வ சாதாரணம். 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 10 நானோகிராம் ஜியோஸ்மினைப்போல எடையில் 5 லட்சம் மடங்கு. இவற்றில் பல பெரிய மூலக்கூறுகள். நுண்துளைக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே குந்திக்கொள்ளும். உள்ளே அறை காலியாக இருந்தாலும் போக வழி இருக்காது. பெட்டியில் போட்ட ஆறு மாதம் என் தண்ணீருக்கு நாலு மாதமானது இதனால்தான். அந்த ஆறு மாதம் யாரோ ஒருவருடைய தண்ணீரில் பார்த்த கணக்கு.

என்னை ஏமாற்றிய குளோரின் சொட்டு மருந்துக்கும் இங்கேதான் விளக்கம் கிடைத்தது. கரி குளோரினைப் பிடித்து வைப்பதில்லை, உடைத்துப்போடுகிறது. குளோரின் கரியின் பரப்போடு வினைபுரிந்து வெறும் குளோரைடாகப் போய்விடும். அது வேகமான வினை, படுகையின் முதல் சில சென்டிமீட்டரிலேயே முடிந்துவிடும். அந்த வேலைக்குக் கரியின் ஆயுளும் மிக நீளம். ஆகவே ஒரு கார்ட்ரிட்ஜ் ஜியோஸ்மின் விஷயத்தில் எப்போதோ கைவிரித்திருக்கும். குளோரின் விஷயத்தில் மட்டும் மாதக்கணக்கில் நல்லபிள்ளை மாதிரி நடித்துக்கொண்டிருக்கும். குளோரின் வாடை வரவில்லை, கரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் முடிவுகட்டியது, வாயிற்காவலர் விழித்திருக்கிறார், ஆகவே விடுதியில் அறை காலியாக இருக்கும் என்று நினைப்பதற்குச் சமம்.

குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்து உண்டாக்கும் குளோரமீன் வேறு ரகம். பல ஊர்க் குடிநீரில் குளோரினுக்குப் பதிலாக அதைப் போடுகிறார்கள். கரியில் அது மெதுவாகத்தான் உடையும். அதற்கென்று தனியாகப் பதப்படுத்திய கேட்டலிட்டிக் கரி இருக்கிறது. அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடுக்கும் சாதாரணக் கரி சுமார்தான்.

*

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். நிறைந்த கரி தளும்பும்.

சுவரில் ஒட்டியது நிரந்தரமாக ஒட்டியதில்லை. உள்ளே வரும் தண்ணீரில் அந்தப் பொருள் குறைந்தால், ஒட்டியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு வெளியே வரும். இன்னும் வலுவாக ஒட்டும் வேறொரு பொருள் வந்தாலும் பழையது இடத்தைக் காலி செய்யும். வெந்நீரைச் செலுத்தினாலும் அப்படித்தான்; சூட்டில் பிடி தளரும். அதனால்தான் கரி வடிகட்டியில் வெந்நீர் விடாதீர்கள் என்று போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

இதன் பெரிய அளவிலான உதாரணம் 2014 ஜனவரி 9 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது. எல்க் ஆற்றங்கரைத் தொட்டி ஒன்றிலிருந்து நிலக்கரி கழுவப் பயன்படும் எம்.சி.எச்.எம் என்ற வேதிப்பொருள் கசிந்து, சற்றுக் கீழே இருந்த குடிநீர் நிலையத்துக்குள் போய்விட்டது. அதிமதுர வாடை அடிக்கும் பொருள். அந்த நிலையத்தில் கரிப்படுகைகள் இருந்தன. ஆனால் வந்த அளவு அவற்றின் சக்திக்கு மீறியது. சுமார் 3 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொடமுடியாமல் நின்றார்கள். ஆறு தெளிந்த பிறகும் அதிமதுர வாடை உடனே போய்விடவில்லை. பிடித்துவைத்ததைப் படுகைகளே சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் படுகைகளின் கரியையே மாற்றவேண்டி வந்தது.

என் தளும்பல் இதைவிடச் சின்னது. மூன்று வாரம் வெளியூர் போய்விட்டு வந்து, தாகத்தில் முதல் வேலையாக வடிகட்டித் தண்ணீரைப் பிடித்து மடமடவென்று குடித்தேன். நனைந்த நாய் வாசலில் படுத்திருந்த வாடை. கரி குளோரினை நீக்கிவிடுகிறது என்றால், கரிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். கரியின் குருணைகளோ ஈரமும் நிழலும் இரையும் உள்ள இடம். மூன்று வாரம் தேங்கினால் நுண்ணுயிர்கள் குடியேறாமல் என்ன செய்யும்? சாதாரண நிலையில் அவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவைதான். ஆனாலும், கிருமி உள்ள தண்ணீருக்குக் கரியை மட்டும் நம்பக்கூடாது. கரி கிருமியைக் கொல்வதில்லை, வீடு கொடுக்கிறது. இப்போதெல்லாம் ஊரிலிருந்து வந்தால் சில நிமிடம் தண்ணீரைத் திறந்து வெளியேற்றிவிட்டுத்தான் குவளையை நீட்டுகிறேன். நீண்ட நாள் என்றால் கார்ட்ரிட்ஜையே மாற்றிவிடுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இதே குடியேற்றத்தைப் பெரிய நிலையங்கள் வேண்டுமென்றே செய்கின்றன. ஜெர்மனியின் மியூல்ஹைமில் 1970-களிலேயே, ஓசோனை முன்னால் விட்டுப் பெரிய மூலக்கூறுகளை நறுக்கிக்கொடுத்து, கரிப்படுகையில் வாழும் நுண்ணுயிர்களை அவற்றைத் தின்னவைத்தார்கள். ஜியோஸ்மினைக்கூடத் தின்னப் பழகிய கூட்டங்கள் உண்டு. அங்கே கரி வெறும் கிடங்காக இல்லாமல் அடுக்களையாகிவிடுகிறது. பிடித்ததைத் தின்று தீர்க்க ஆள் இருப்பதால் படுகை வருடக்கணக்கில் ஓடும். ஆனால் அதற்குப் பிறகு கிருமிநீக்கம் உண்டு, அளந்து பார்க்க ஆட்கள் உண்டு. சமையலறைச் சுவரில் தொங்கும் டப்பாவில் இதை முயலவேண்டாம்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தத் தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜை நான் உடனே தூக்கிப்போடவில்லை. பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டினேன். கரியைப் புதுப்பிக்க முடியும் என்று படித்தது உண்மைதான். ஆனால் அது ஆக்ஸிஜனைக் கட்டுப்படுத்திய உலையில் 800 டிகிரிக்கு மேல் சுட்டுச் செய்கிற வேலை, அதிலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரி வீணாகப் போகும். 100 டிகிரிக் கொதிநீருக்கும் மாடி வெயிலுக்கும் ஜியோஸ்மினின் பிடி கொஞ்சம் தளருமே தவிர முழுதாக விடாது, வாசலில் குந்திய கூட்டமும் காலி செய்யாது. அம்மா மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குவளையை என் பக்கம் தள்ளி வைத்தார்.

*

ஒரு குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் இந்தக் கதையையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "உங்க அம்மாவை எங்க வாசனைக் குழுவுக்கு அனுப்புங்க சார்" என்றார். நான் கேலி என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படிக் குழுக்கள் இருக்கின்றனவாம். பயிற்சி பெற்ற நாலைந்து பேர், குடுவையில் 45 டிகிரிக்குச் சூடாக்கிய தண்ணீரைக் குலுக்கி மோந்து, என்ன வாடை, எவ்வளவு என்று எழுதுகிறார்கள். மண், பூஞ்சை, புல், மீன், சாக்கடை, மருந்து, குளோரின் என்று வாடைகளை வட்டமாக அடுக்கிய ஒரு சக்கரப் படம் வைத்திருக்கிறார்கள். பழைய முறை ஒன்றில், வாடை மறையும்வரை வாடையில்லாத தண்ணீரைக் கலந்துகொண்டே போவார்கள். எத்தனை மடங்கு கலக்கவேண்டியிருந்தது என்பதே அந்த வாடைக்கு எண். ஆய்வுக்கூடக் கருவிகள் நானோகிராம் கணக்கில் அளக்கும், ஆனால் எதைத் தேடவேண்டும் என்று சொன்னால்தான் அவற்றுக்குத் தேடத் தெரியும். மூக்குக்கு அது வேண்டாம்.

நிலையங்களில் திடீர் வாடைக்குக் கரித்தூளைத் தண்ணீரிலேயே கொட்டிக் கலக்குவார்கள், வேலை முடிந்ததும் தூள் வண்டலோடு அடியில் போய்விடும். 2020 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவின் குழாய்களில் மண் வாடையடித்தபோது குவாண்டு நிலையத்தில் செய்தது அதுதான். இந்தத் தூளை பி.ஏ.சி என்பார்கள். வண்டலைத் திரட்டப் போடும் பாலி அலுமினியம் குளோரைடுக்கும் அதே பெயர்தான். "புதுசா வந்தவங்ககிட்ட பி.ஏ.சி மூட்டையைக் கொண்டாங்கன்னு சொன்னா எதைக் கொண்டுவருவாங்கன்னு பயந்துக்கிட்டே நிப்போம்" என்றார். தூளைப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் குளோரினைப் போடக்கூடாது என்பது அவர் சொன்ன இன்னொரு பாடம். கரி குளோரினைத் தின்னும், குளோரின் கரியைக் கெடுக்கும். இரண்டுக்கும் செலவழித்த காசு ஒன்றையொன்று அழித்துக்கொண்டு போகும்.

அவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு வீட்டில் நான் வைத்துக்கொண்ட முறை எளிது. முதலில் வாடை எது என்று பார்க்கிறேன். நீச்சல்குள வாடை என்றால் குளோரின். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை ஏற்கிறது, சிலருக்கு 0.3-லேயே தெரிந்துவிடும். திறந்த பாத்திரத்தில் இரவு முழுதும் வைத்தாலே பெரும்பாலும் போய்விடுகிறது, கரிக்கும் அது சுலபம். மண், பூஞ்சை என்றால் புதுக்கரியும் நிதானமான ஓட்டமும் வேண்டும். நாக்கில் உப்பு கரித்தாலோ, இரும்புத் துரு சுவை தெரிந்தாலோ கரியை நோகவேண்டாம். கரைந்த உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃப்ளூரைடு எதையும் அது தொடாது. முட்டை வாடை வெந்நீர்க் குழாயில் மட்டும் வந்தால் குற்றவாளி பெரும்பாலும் கீசருக்குள் இருக்கிறார்.

கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது அட்டையில் என்.எஸ்.எஃப் (அமெரிக்காவின் தரச்சான்று அமைப்பு) 42 என்று இருந்தால் அது சுவை, வாடை, குளோரினுக்கான தரச்சான்று. 53 என்றால் உடல்நலம் சார்ந்த மாசுகளுக்கானது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. அயோடின் எண் என்று ஒன்று போட்டிருப்பார்கள், ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்ற கணக்கு. 900, 1000 என்று இருந்தால் நல்லதுதான், ஆனால் அயோடினும் ஜியோஸ்மினும் ஒரே ஆளில்லை. நான் அந்த எண்ணுக்கு அதிகம் மயங்குவதில்லை. புதிது மாட்டியதும் முதலில் வரும் கறுப்புத் தண்ணீரைக் கண்டு யாரும் பதறவேண்டாம், அது கரித்தூசு. தெளியும்வரை விட்டுவிட்டால் போதும்.

புதிய கார்ட்ரிட்ஜின் மேல் மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன். மூன்று மாதம் தாண்டியதும் வாரம் ஒருமுறை பாட்டிலைச் சூடாக்கிக் குலுக்கி, நான் முதலில் மோந்துவிட்டு அம்மாவிடம் நீட்டுவேன். போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா வாங்கி, கண்ணை மூடி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் பத்து நாள் ஓடும்" என்று பாட்டிலைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.